பிரீமியத்துக்கு ஒரு விலை, கிளெய்முக்கு ஒரு விலையா?

1/ பழைய கார் வச்சிருக்கிறவங்க இதைப் பொறுமையா படிங்க. நான் வக்கீல் இல்ல, அரசு மருத்துவமனை டாக்டர். ஆனா 65,000 ரூபாயைக் கிட்டத்தட்ட இழக்க இருந்தவன்.

2/ 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நான் தொடர்ந்து ரெண்டு நாள் டூட்டியில. குவார்ட்டர்ஸ்ல நின்ன என் 2013 மாடல் கார் டேஷ்போர்டு வரைக்கும் தண்ணில. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 2,30,000. பாலிசியில் ஐடிவி 1,80,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். சர்வேயரும் அப்படித்தான் எழுதினார்.

3/ ரெண்டு வாரம் கழிச்சு போன். "டாக்டர், வண்டி பத்து வருஷம் பழசு. இன்னிக்கு மார்க்கெட்ல இதுக்கு மேல போகாது. வண்டியை நாங்க எடுத்துக்கிட்டு 1,15,000 தர்றோம். ஓகேன்னா நாளைக்கே பணம்." அந்த "நாளைக்கே" தான் தூண்டில்.

4/ ஐடிவின்னா என்ன? வண்டி முழுசா போனா இவ்வளவு தருவோம்னு கம்பெனி பாலிசியில் எழுதிக்கொடுத்த தொகை. 5 வருஷம் வரைக்கும் தேய்மானத்துக்கு அட்டவணை இருக்கு: 4 முதல் 5 வருஷ வண்டிக்கு 50 சதவீதம் கழிப்பாங்க. அதுக்கு மேல போன வண்டிக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் நாமும் ஒத்துக்கிற விலைதான் ஐடிவி.

5/ அப்படின்னா என் கார் பழசுன்னு ஜூன்ல ரினியூ பண்ணும்போதே அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் 1,80,000 போட்டு, அதுக்கேத்த பிரீமியம் வாங்கினாங்க. டிசம்பர்ல தான் வண்டியோட வயசு ஞாபகம் வந்ததாம்!

6/ பாலிசி புத்தகத்தை எடுத்து ஐடிவி பத்தின பாராவைப் படிங்க. டோட்டல் லாஸ் கிளெய்முக்கு, பாலிசி காலம் முழுக்க ஐடிவியே மார்க்கெட் விலை, மேற்கொண்டு தேய்மானம் கிடையாதுன்னு இருக்கும். பிளாஸ்டிக், ரப்பருக்குக் கழிக்கிற தேய்மானம் எல்லாம் ரிப்பேர் கிளெய்முக்குத்தான். ஐடிவியிலிருந்து பாலிசியில் சொன்ன கட்டாயக் கழிவை எடுக்கலாம். 1500 சிசி வரைக்குமான காருக்கு அது 1,000 ரூபாய். 65,000 இல்ல.

7/ "பழைய வண்டிக்கு இவ்வளவு கிடைச்சதே பெரிசு, வாங்கிட்டுப் போங்க"ன்னு நண்பர்களே சொன்னாங்க. சரி, ஒரு கேள்வி. பழைய கார் விலை ஏறுற வருஷத்துல, "சார், உங்க வண்டி இன்னிக்கு 2,20,000 போகும், கூட வாங்கிக்கோங்க"ன்னு எந்தக் கம்பெனியாவது போன் பண்ணியிருக்கா? போன மாசம் போட்ட புது டயருக்கு நான் தனியா காசு கேட்டா தருவாங்களா? மாட்டாங்க. ஐடிவி எனக்கு உச்சவரம்பு. அதை நான் ஏத்துக்கிறேன். அதே கோடு அவங்களுக்கும்தான்.

8/ எங்க லேப் டெக்னீஷியன் அண்ணனுக்கும் அதே வெள்ளத்துல கார் போச்சு. ஐடிவி 1,20,000. கொடுத்தது 75,000. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், மறுபேச்சில்லாம கையெழுத்து போட்டுட்டார். கம்பெனி நம்பியிருக்கிறது இதைத்தான்: நமக்குப் பணம் அவசரம், அவங்களுக்கு இல்ல.

9/ செய்ய வேண்டியது: போன்ல எதுக்கும் "சரி" சொல்லாதீங்க. ஆஃபரை மெயில்ல அனுப்பச் சொல்லுங்க. சர்வே ரிப்போர்ட் நகல் கேளுங்க. எந்த விதிப்படி ஐடிவியைக் குறைச்சீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கு. கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

10/ வண்டியை நீங்களே வச்சுக்கிட்டா சால்வேஜ் விலையைக் கழிப்பாங்க. அது நியாயம். ஆனா அந்த விலைக்கு வாங்குறவர் யாருன்னு எழுத்துல கேளுங்க. கம்பெனி எடுத்துக்கிட்டா, ஆர்சி என்ன ஆச்சுன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல உறுதி பண்ணுங்க. வெற்று ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போட்டுக் கொடுக்காதீங்க.

11/ கடைசியா டிஸ்சார்ஜ் வவுச்சர். எங்க வார்டுல டிஸ்சார்ஜ்னா நோயாளி தேறி வீட்டுக்குப் போறது. இவங்ககிட்ட டிஸ்சார்ஜ்னா தேறாமலே அனுப்புறது. தொகை சரியில்லைன்னா கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போட்டுட்டீங்களா? கதை முடியல. வவுச்சர்ல கையெழுத்து போட்டதால கூடுதல் தொகை கேட்கிற உரிமை போயிடாதுன்னு ஐஆர்டிஏஐ 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கு.

12/ என் கதை? ரெண்டு மெயில். 27ஆவது நாள் 1,79,000 அக்கவுண்ட்ல. எந்த விளக்கமும் இல்ல, மன்னிப்பும் இல்ல. அப்போ முதல்ல சொன்ன 1,15,000 கணக்கே இல்ல, இவன் கேட்க மாட்டான்ங்கிற நம்பிக்கை.

13/ லேப் அண்ணன் இப்ப ஆம்புட்ஸ்மனுக்கு எழுதிட்டிருக்கார். ஃபார்ம் நிரப்ப நான் உட்கார்ந்திருக்கேன். நீங்க இன்னிக்கே உங்க பாலிசியை எடுத்து ஐடிவி எவ்வளவுன்னு பாருங்க. அடுத்த ரினியூவல்ல பிரீமியம் 300 ரூபாய் குறையுதுன்னு அதைக் குறைச்சுப் போடாதீங்க. வண்டி மூழ்கின பிறகு அந்த நம்பர் மட்டும்தான் உங்களுக்காகப் பேசும்.