கனம் யாருக்கு?



ஒரகடம் பக்கம் லாரியை எடைமேடையில் ஏத்தினால் ஒரு சீட்டு கிழிச்சுக் கொடுப்பாங்க. மொத்த எடை, காலி வண்டி எடை, சரக்கு எடை... எல்லாம் கிலோ கணக்கில் இருக்கும். மனுஷனுக்கு அப்படி ஒரு மேடை கிடையாது. ஆனாலும் "ரொம்ப வெயிட்டான ஆளுப்பா" என்று தினமும் சொல்கிறோம்!

இது நாம கண்டுபிடிச்ச பேச்சு இல்லை. 'கனவான்' என்ற சொல்லைப் பிரிச்சுப் பாருங்கள். கனம் உள்ளவன்! வடமொழியில் 'கன' என்றால் கெட்டியான, அடர்த்தியான என்று பொருள். நாம் கணக்கில் போடும் கனஅளவு, ரோட்டில் ஓடும் கனரக வாகனம், வானொலியில் சொல்லும் கனமழை எல்லாம் அதே குடும்பம்தான். 'குரு' என்ற சொல்லுக்கே வடமொழியில் கனமானது என்று பொருள் உண்டு. (இராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் கவனிக்கவும்!)

வெள்ளைக்காரன் காலத்தில் கனத்தை அரசாங்கமே வழங்கியது. மந்திரிகளுக்கு 'கனம்'. அதற்கும் மேலே 'மகாகனம்'. வலங்கைமானில் 1869-ல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் சீனிவாச சாஸ்திரி. 1921-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் உறுப்பினரானதும் அவர் 'மகாகனம்' ஆனார். 1920-லும் அதே அறிவு, அதே பேச்சுத்தானே இருந்திருக்கும்? சுதந்திரத்துக்குப் பிறகும் சட்டசபையில் 'கனம்' கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் 'மாண்புமிகு' வந்து அதை இறக்கி வைத்தது. ஆக, இந்தக் கனம் அடுத்தவர் ஏற்றுவது, அடுத்தவரே இறக்குவது.

இதை நான் சும்மா ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. அப்ரண்டிஸ் இடம் கேட்டு ஒரு காண்டிராக்டரிடம் போனேன். மார்க் ஷீட்டைப் புரட்டக்கூட இல்லை. "வெயிட்டான ஆள் யாரையாவது தெரியுமா தம்பி?" என்றார். எங்கப்பா சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவர். எங்க வீட்டில் டிப்ளமா வரைக்கும் வந்தது நான்தான் முதல் ஆள். யாரைத் தெரியும் என்று சொல்வேன்? பேசாமல் திரும்பி வந்துட்டேன்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அவருக்குத் தலைக்கனம்ப்பா" என்றேன். அப்பா சிரிச்சார். "தலைக்கனம் எனக்குத்தான்டா. ஒவ்வொரு மூட்டையும் அம்பது கிலோ!"

மார்க்கைப் பார்க்காமல் ஆளைக் கேட்பது அநியாயம். அதைச் சொல்லும் நாமே நம்ம சங்க விழா அழைப்பிதழில் 'ஊர்ப் பிரமுகர்கள்' என்று தனியாக ஒரு வரி போடுகிறோம். அடுத்த ஆண்டு அதே பக்கத்தில் நம்ம பெற்றோர் பெயரையும், அவர்கள் செய்யும் வேலையையும் சேர்த்து அச்சடிக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கப்பா பெயருக்கு முன்னால் 'கனம்' என்று போடச் சொல்வேன்.

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு