கறுப்புப் பட்டையும் காணாமப் போன காலும்

போன மாசம் அம்மா ஊர்லேருந்து மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தாங்க. எங்க வீட்டு ஹால்ல 43 இஞ்ச் டிவி, அதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதுல பல வருஷமா நான் சேர்த்து வெச்ச பழைய தமிழ்ப் படங்கள். கேபிள்ல மலையாளம்தான் அதிகம்ங்கிறதால எங்களுக்கு இதுதான் டூரிங் டாக்கீஸ்.

"காசு குடுத்துப் பெரிய டிவி வாங்கிட்டு, ரெண்டு பக்கமும் கறுப்பா திரை போட்டு மூடின மாதிரி எதுக்குப் பார்க்கணும்?" இது தங்கமணியோட நெடுநாள் புகார். அம்மா வந்திருக்காங்களேன்னு ஒரு ராத்திரி உட்கார்ந்து அந்தக் கறுப்பை ஒழிச்சுக்கட்டினேன். மறுநாள் 'தில்லானா மோகனாம்பாள்'. திரை முழுக்கப் படம். எனக்குப் பெருமை தாங்கலை.

போட்டி நடக்கிற இடம் வந்துச்சு. சிவாஜி நாயனம் வாசிக்கிறார், பத்மினி ஆடுறார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொன்னாங்க: "ஏண்டா, காலே தெரியலையே. காலைக் காட்டாம என்னடா டான்ஸ்?"

உண்மைதான். முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்லை. சில இடத்துல நெத்திச்சுட்டியும் பாதி அவுட். வெட்டினது நான்தான்.

இதுல இருக்கிறது சின்னக் கணக்குதான். இப்போ வர்ற டிவி எல்லாம் 16:9. உதாரணமா 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். 1968ல வந்த தில்லானா மோகனாம்பாள் கிட்டத்தட்ட 4:3 சட்டம். அதை உயரம் குறையாம வெச்சா 1440 புள்ளிதான் அகலம், ரெண்டு பக்கமும் 240 புள்ளி சும்மா கிடக்கும். அதை நிரப்ப ரெண்டே வழி. ஒண்ணு, பெரிசு பண்ணி மேலயும் கீழயும் வெட்டணும். உயரத்துல கால்வாசி போயிடும். நாலணா நஷ்டம்! இல்லைன்னா பக்கவாட்டுல இழுக்கணும். எல்லாரும் மூணுல ஒரு பங்கு குண்டாயிடுவாங்க. பாலையா வாசிக்கிற தவிலோட வட்டம் முட்டை மாதிரி ஆயிடும். பாலையாவைப் பத்தித் தனியாச் சொல்லணுமா :-)

சரி, அதே ஏ.பி.நாகராஜன் அஞ்சு வருஷம் கழிச்சு, 1973ல, அதே சிவாஜியை வெச்சு எடுத்த 'ராஜராஜ சோழன்' போட்டுப் பாருங்க. தமிழோட முதல் சினிமாஸ்கோப். உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். இப்போ பக்கத்துல கறுப்பு இல்லை, மேலயும் கீழயும் சுமார் 130 புள்ளி கறுப்பு. இதை நிரப்பப் போனா அகலத்துல கால்வாசி அடிபடும். தர்பார்ல ஓரத்துல நிக்கிற ஆளுங்களுக்கு வேலை போச்சு. ஒரே டைரக்டர், ஒரே நடிகர், ஆனா கறுப்பு மட்டும் இடம் மாறுது. (மலையாளத்துல முதல் ஸ்கோப் 1978ல வந்த 'தச்சோளி அம்பு'. எடுத்த நவோதயாவோட ஸ்டுடியோ காயலுக்கு அக்கரையில காக்கநாட்டுல இருக்கு. இதைச் சொல்லலைன்னா பக்கத்து வீட்டுச் சேட்டன் கோவிச்சுப்பார்.)

அப்புறம் ஏன் டிவியை 16:9ன்னு செஞ்சாங்க? 1980களில் அமெரிக்காவுல கெர்ன்ஸ் பவர்ஸ்னு ஒரு இன்ஜினியர் அப்போ புழக்கத்துல இருந்த சட்டங்களை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வரைஞ்சு பார்த்தார். ஒல்லியான 4:3க்கும் அகலமான ஸ்கோப்புக்கும் நடுவுல, ரெண்டுக்கும் ஏறக்குறைய சமமா நஷ்டம் வர்ற மாதிரி ஒரு வடிவம் கிடைச்சுது. அதுதான் இது. 1.33ஐயும் 2.35ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க, 1.77 வரும். 16ஐ 9ஆல வகுத்தாலும் அதே கிட்டத்தட்ட. டேலி! அதாவது உங்க டிவியே ஒரு சமரசம். அதுக்காகப் படத்தை வெட்டணும்ங்கிறது எனக்கு இப்போ ஒத்துக்கலை.

ஆனா எல்லாக் கறுப்பும் நல்ல கறுப்புன்னு சொல்லமாட்டேன். மெஷின் போட்ட கறுப்பும் உண்டு, அதைக் கட்டாயம் எடுக்கணும். படமே போடாம வெறும் டெஸ்க்டாப் தெரியும்போதே நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் இருந்தா, அது செட்டிங் கோளாறு. பழைய பிக்சர் ட்யூப் டிவிகள் படத்தோட ஓரத்தை முழுங்கிடும். அந்தப் பழக்கம் புது டிவியிலயும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதுக்குப் பயந்து சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் எச்டிஎம்ஐ வழியா அனுப்புற படத்தை முன்கூட்டியே சுருக்கி அனுப்பும். டிரைவர் செட்டிங்ஸ்ல ஸ்கேலிங், இல்லைன்னா அண்டர்ஸ்கேன்னு இருக்கும், அதை 0 ஆக்குங்க. டிவியிலயும் ஒரு இடம் இருக்கு. எல்ஜியில 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்ல 'ஸ்கிரீன் ஃபிட்'. ரெண்டும் சரியானா புள்ளிக்குப் புள்ளி பொருந்தும், எழுத்தும் பளிச்சுன்னு ஆயிடும்.

இன்னொண்ணு டபுள் பார்சல். ஸ்கோப் படத்தை மேல கீழ கறுப்போட 4:3 டிவிடிக்குள்ள அடைச்சிருப்பாங்க. அதை அகல டிவியில போட்டா பக்கத்துலயும் கறுப்பு சேர்ந்து, படம் நடுவுல தபால்தலை மாதிரி நிக்கும். திரையில பாதி கூட இருக்காது. இதுக்கு ஜூம் பண்றதுல தப்பே இல்லை, போறது வெறும் கறுப்புதான். கோடியில (பணம் இல்லைங்க, சாஃப்ட்வேர் பேரு) இஸட் தட்டினா ஒவ்வொண்ணா மாறும், 'ஜூம்' வர்ற வரைக்கும் தட்டுங்க. விஎல்சில சி தட்டினா வெட்டும், ஏ தட்டினா இழுக்கும். நான் அன்னிக்கு ராத்திரி மாத்தி மாத்தித் தட்டினது இந்த ரெண்டையும்தான். ஒரு எச்சரிக்கை: சப்டைட்டில் கீழ்க் கறுப்புலயே பதிஞ்சிருந்தா ஜூம்ல அதுவும் போயிடும். என் பொண்ணு பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கதான். வீட்டுத் தமிழ் பேசுவா, ஆனா நாகராஜன் பட வசனம் அவளுக்கு அந்த இங்கிலீஷ் வரி இல்லாம ஓடாது. அவளுக்காக அந்த மாதிரி டிவிடியைத் தபால்தலையாவே விட்டுடறேன்.

பெரிய இடத்துலயே இந்த ஆசை உண்டு. 1964ல வந்த 'கர்ணன்' 2012ல டிஜிட்டல்ல செப்பனிட்டு, சினிமாஸ்கோப்னு திரும்ப வந்து சக்கைப்போடு போட்டுச்சு. அந்தக் கூட்டத்துல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா 4:3ல எடுத்ததை அந்த அகலத்துக்குக் கொண்டுபோகணும்னா வெட்டணும், இல்லைன்னா இழுக்கணும். மூணாவது வழி கிடையாது. ஒளிப்பதிவாளர் தலைக்கு மேல விட்ட வானம் எல்லாம் யாருக்கும் வேணாமா?

வீடியோ கம்பெனி டிவிடியும் விசிடியும் வாங்கி ஊர்விட்டு ஊர் தூக்கிட்டு வந்தவங்க நாமதான். நம்ம பசங்களுக்கு இந்தப் படங்களோட முதல் அறிமுகமே நம்ம ஹால்லதான் நடக்குது. தியேட்டர்ல பார்த்த அம்மாவுக்கு எது காணாமப் போச்சுன்னு தெரிஞ்சுது. பக்கத்துல உட்கார்ந்து பார்த்த என் பொண்ணுக்குத் தெரியவே இல்லை. பத்மினின்னா இடுப்புக்கு மேலதான்னு நினைச்சிருப்பா. பத்மினி பிறந்த திருவனந்தபுரம் இங்கேருந்து ரயில்ல சில மணி நேரம்தான்.

அடுத்த நாள் ஜூமை எடுத்துட்டு அதே காட்சியைத் திரும்பப் போட்டேன். ரெண்டு பக்கமும் கறுப்பு. டியூப்லைட்டை அணைச்சதும் அது கண்ணுக்கே தெரியலை. அம்மா ஒண்ணும் சொல்லலை, தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பொண்ணு மட்டும், "பாட்டி, சலங்கை எவ்வளவு பெருசு!"ன்னா.

இந்த சனிக்கிழமை ராஜராஜ சோழன். மேலயும் கீழயும் கறுப்பு வரும்னு தங்கமணிக்கு முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்தாச்சு.