கூலிக்கும் சரித்திரம் உண்டு

கும்மிடிப்பூண்டி ஆலை வாசலில் கூலி உயர்வு கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "ஆள் ஏராளமாகக் கிடைக்கிறார்கள், ஆகவே கூலி இவ்வளவுதான். இது பொருளாதார விதி!" பொன்னேரி வயல் வரப்பில் நிற்கும் விவசாயக் கூலித் தொழிலாளிக்கும் இதே பாடந்தான் ஓதப்படுகிறது.

நாம் கேட்கிறோம்: ஆள் ஏன் ஏராளமாகக் கிடைக்கிறார்கள்? உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவர்களாக இத்தனை லட்சம் பேர் எப்படி ஆனார்கள்? இதற்கு விதி பதில் சொல்லாது, சரித்திரம்தான் சொல்லும்.

ஒரு காலத்தில் திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகாக்கள். அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி 1891-ல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1843-லேயே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதன் பிறகும் படியாட்கள் கடனால் கட்டுண்டு கிடந்தார்கள். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரர்கள் மறித்தார்கள். குடிசை போட்ட மனையும் மிராசுதாரர் பிடியில். எதிர்த்துப் பேசினால் குடியிருப்பும் போகும்! இதையெல்லாம் அறிக்கை அம்பலப்படுத்தியது. அதன் விளைவாகவே 1892-ல் பஞ்சமி நில உத்தரவு பிறந்தது.

அப்படியானால் கூலியைத் தாழ்த்தியது எது? விதியா? இல்லை, நிலத்தை மறித்த கை!

டிரெமென்ஹீர் பாட்டாளியின் தோழர் அல்ல, வெள்ளை அதிகாரி. மார்க்சும் 1867-ல் வெளியான "மூலதன"த்தில் இங்கிலாந்து சர்க்காரின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களது அறிக்கைகளையே சாட்சிக்கு அழைத்தார். ஆனால் ஏட்டில் இருப்பதெல்லாம் வேதமல்ல. மிராசுதாரர்களும் பழைய ஏடுகளைக் காட்டித்தான் உரிமை கொண்டாடினார்கள். எழுதியவர் யார், யாருடைய நன்மைக்காக எழுதினார் என்று கேட்டே எடைபோட வேண்டும்.

இன்று பீகாரிலிருந்து வரும் தொழிலாளியைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அவன் ஏன் ஊரை விட்டு வந்தான்? 1793-ல் அவனுடைய பாட்டன் பூட்டன் தலையில் ஜமீன்தாரி சுமத்தப்பட்ட கதையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அவன் நம் எதிரி அல்ல. நம்மைப் போலவே நிலமிழந்த சகோதரன்.

தோழர்களே! சம்பளச் சீட்டு, ஆஜர் அட்டை, பட்டா, மனுக் கொடுத்த ரசீது — எதையும் கிழித்தெறியாதீர்கள். சங்கத்தில் பிரதி கொடுத்து வையுங்கள். முதலாளி "விதி" பேசும்போது நமக்காகச் சாட்சி சொல்லப்போவது அவைதான்.