தன்னை அறிதலும் தரம்பிரித்தலும்

மாணவன் தன்னைப்பற்றிக் கொண்டுள்ள எண்ணக்கருவே அவனது தொழிற்றெரிவை நிர்ணயிக்கின்றது என்பர் கல்வி உளவியலார். 1950களில் அமெரிக்க அறிஞர் டொனால்ட் சூப்பர் இதனை ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தார். தொழிலைத் தெரிவுசெய்பவன் உண்மையில் தான் இன்னான் என்னும் எண்ணத்துக்கே செயலுருவம் கொடுக்கின்றான் என்பது அதன் சாரம். நமது தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளிலும் இதுவே வேதம்: உன்னை அறிந்துகொள், பின்னர் தெரிவுசெய். அறியப்படவேண்டிய அந்த 'உன்னை' ஆக்கியவர் யாவர் என்று மட்டும் அங்கு எவரும் வினவுவதில்லை.

சூப்பர் இதனை உணராதவரல்லர். அவ்வெண்ணக்கரு சூழலுடனான ஊடாட்டத்தில் உருவாவதென்றும், மேலோரினதும் சகபாடிகளினதும் அங்கீகாரம் அதிற் பங்குகொள்கின்றதென்றும் அவரே கூறினார். நம்மவர் முற்பாதியை மனனஞ்செய்து பிற்பாதியைக் கைவிட்டனர்.

நமது பாடசாலைகளின் வகைப்பாட்டை நோக்குக. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளவை 1சி. மலையகத்திலோ வன்னியிலோ ஒரு 1சி பாடசாலையிற் பயிலும் மாணவி, "விஞ்ஞானம் எனக்குச் சரிவராது" என்கிறாள். அவள் விஞ்ஞானம் பயில்வதாயின் வேறூர்ப் பாடசாலைக்குச் செல்லவேண்டும். பஸ் கட்டணமோ விடுதிச் செலவோ வேண்டும். பெண்பிள்ளையை அனுப்பப் பெற்றோர் இசையவும் வேண்டும். இவையனைத்தும் அவளது வாயிலே 'எனக்கு' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. ஆய்வுகூடம் இல்லை என்பது ஆற்றல் இல்லை என்பதாக மொழிபெயர்க்கப்படுகின்றது. வழிகாட்டலாசிரியரோ அதனைச் சுயமதிப்பீடு எனப் படிவத்திற் குறித்துக்கொள்கின்றார்!

விஞ்ஞானத்துறை அனுமதியிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் வழங்கப்படுகின்றதே எனச் சிலர் வாதிடுவர். அவ்வொதுக்கீடு உயர்தரப் பரீட்சைக்குப் பின்னர் செயற்படுவது. இம்மாணவியோ பதினாறு வயதிலேயே அப்போட்டியிலிருந்து தன்னை நீக்கிக்கொண்டவள்.

நகரத்துப் பெரிய கல்லூரியில் நோய் வேறுவிதமானது. சாதாரண தரத்தில் ஒன்பது 'ஏ' பெற்றவன் வரலாற்றை விரும்பினாலும் உயிரியலுக்கோ கணிதத்துக்கோ தள்ளப்படுகின்றான். மூன்று முறை தோற்றி வெட்டுப்புள்ளியை எட்டாதபோது, இருபது இருபத்தொரு வயதிலேயே தன்னைத் தோல்வியாளன் என நம்பத் தொடங்குகின்றான்.

கலைப்பீடத்தவராகிய நாமும் இதிற் குற்றமற்றவரல்லேம். என்ன படிக்கிறீர் என வினவுவோருக்கு "ஆர்ட்ஸ்தான்" என்கிறோம். அந்தத் 'தான்' எவர் நமக்குக் கற்பித்தது? அதனை நாமே நமது தம்பி தங்கையருக்கும் கற்பிக்கின்றோமல்லவா?

தொழில் வழிகாட்டல் அலகுகள் ஆளுமை வினாக்கொத்துகளை அச்சிடுவதற்கு முன்னர் ஒன்று செய்யட்டும். 'உமது விருப்பம் யாது?' என்ற வினாவுக்கு மேலே, 'உமது பாடசாலையில் எப்பிரிவுகள் உள்ளன?' என்ற வினாவைச் சேர்க்கட்டும். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும்.