ஜூலைக்குள் எத்தனை ஆண்டுகள்!



நாளிதழ்களில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு சின்னப் பெட்டி வருமே, அதை விடாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. ஒரு தேதியும் ஒரு வரியும் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடும். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் நடந்ததற்கு அங்கே இடமிருக்காது. இந்த மாதத்தையே எடுத்துக்கொள்வோம்.

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் விடியும் முன்பே ஆங்கிலேயர் மீது பாய்ந்தார்கள். நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டையுடன் கூடிய புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று வந்த உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ‘ஒரே நாளில் அடக்கப்பட்ட கலகம்’ என்று பெட்டிச் செய்தி இதோடு முடித்துக்கொள்ளும். ஆனால் அந்த உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தளபதி கிரடாக்கும் மறு ஆண்டே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 51 ஆண்டுகள் முந்தைய கதை இது.

1969 ஜூலையில் பெரிய செய்திகள் இரண்டு அடுத்தடுத்து வந்தன. 19-ஆம் தேதி மாலை, 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை கொண்டிருந்த 14 தனியார் வங்கிகளைப் பிரதமர் இந்திரா காந்தி நாட்டுடைமையாக்கினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பட்டியலில் இருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அரசு மறுபடியும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கிராமத்துக்கு வங்கிக் கிளை வந்து சேரவும் விவசாயியின் கைக்குக் கடன் எட்டவும் பிறகு பல ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு செய்தி, நிலவில் மனிதன். அமெரிக்காவில் அது 20-ஆம் தேதி இரவு. நம் கடிகாரத்தில் 21-ஆம் தேதி காலை எட்டரை மணியளவில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். அந்த ஓர் அடிக்காகச் சுமார் 4 லட்சம் பேர் பல ஆண்டுகள் உழைத்திருந்தார்கள்.

ஜூலை மகிழ்ச்சியான நினைவுகளை மட்டும் தரும் மாதமல்ல. 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தமிழர் மீது மூண்ட வன்முறை நாட்கணக்கில் நீடித்தது. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். உயிரைப் பணயம் வைத்துத் தமிழர்களுக்குத் தங்கள் வீட்டில் அடைக்கலம் தந்த சிங்கள அயலவர்களும் உண்டு. அவர்களையும் மறக்கக் கூடாது. அந்த ஜூலைக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமிழக முகாம்களில் வளர்கிறார்கள்.

கடைசியாக நம் மாநிலத்தின் பெயர். 1967 ஜூலை 18 அன்று முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 1969 பொங்கல் நாளில் ‘தமிழ்நாடு’ என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்த ஜூலை 18-ஐத்தான் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுகிறோம். இதே மாதத்தில் அதற்கு ஒரு மூத்த தேதி உண்டு: 1956 ஜூலை 27. அன்றுதான் தியாகி சங்கரலிங்கனார் இந்தப் பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் அதே ஊரில், இதே ஜூலை மாதத்தில் பிறந்த காமராஜர். தலைவர்கள் பலர் கேட்டுக்கொண்டும் சங்கரலிங்கனார் உண்ணாவிரதத்தைக் கைவிடவில்லை. அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். கேட்டவர் கண்ணை மூடிப் பத்தாண்டுகள் கடந்த பிறகே கேட்டது கிடைத்தது.

பலன் கிடைத்த நாளுக்கு விழா எடுக்கிறோம். பாடுபடத் தொடங்கிய நாளுக்குப் பெரும்பாலும் ஒரு பூ கூட வைப்பதில்லை. இந்த 18-ஆம் தேதி உங்கள் பிள்ளைகள் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கோ கட்டுரைப் போட்டிக்கோ தயாரானால், 27-ஆம் தேதியைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்