மருந்தென்று சொல்லி நஞ்சிடுதல்

கோடைக்காலத்தில் ஆஸ்திரேலியாவின் நோபல் பார்க்கில் நம்மவர் வீட்டு வளவுகளைக் காண்போர், கத்தரியும் பாவலும் பூசணியும் ஊரை நினைவூட்டும்படி தழைத்திருப்பது கண்டு மகிழ்வர். நானோ அவற்றின் அருகே நிற்கும் தெளிப்பான் புட்டியைக் கண்டு வருந்துகிறேன். "வீட்டுத் தோட்டத்துக்குக் கொஞ்சம் மருந்து அடித்தால் என்ன கெட்டுவிடும்?" என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது வெறும் பிரமை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும் பெண் பூவுக்கு, அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ மகரந்தம் கொணர்ந்து சேர்க்காவிடின், அதன் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். அதையும் பூச்சியின் வேலையென்றே கருதி நாம் மீண்டும் மருந்தடிக்கிறோம்.

கத்தரியின் விஷயம் இதனினும் சூக்ஷ்மமானது. காற்றசைவில் ஓரளவு காய்க்குமாயினும், அதன் மகரந்தம் நுனியில் துளையுள்ள பைகளுள் அடைபட்டிருப்பதால், நாம் தேனுக்கென வளர்க்கும் தேனீயால் அதை உதிர்க்க இயலாது. வயிற்றில் நீலப்பட்டைகள் கொண்ட இந்நாட்டுத் தேனீயோ, பூவைப் பற்றிக்கொண்டு உடல் அதிர ரீங்கரித்து அதை உதிர்த்துவிடுகிறது. தனித்து வாழும் அந்த ஜீவன் மண்ணைக் குடைந்தே கூடமைக்கிறது. நாம் நஞ்சு ஊற்றுவதும் மண்ணிலேதான்.

"கண்ணெதிரே ஒரு தேனீயும் சாகவில்லையே" என்பர். வேரில் ஊற்றிய இமிடாகுளோப்ரிட் என்னும் பூச்சிக்கொல்லி சாற்றோடு ஏறிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலக்கிறது. அதை உண்ட தேனீ உடனே சாகாவிடினும், கூட்டுக்குத் திரும்பும் வழி தவறி, எங்கோ நம் கண்ணுக்கெட்டாத இடத்தில் மடிகிறது. இதனையும் இதன் இனத்தைச் சேர்ந்த வேறிரண்டையும் திறந்தவெளிப் பயிர்களுக்கு உபயோகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. ஆஸ்திரேலியாவிலோ, 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட, தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணியை அடியோடு ஒழிக்கும் முயற்சி மறு ஆண்டே கைவிடப்பட்டது. உண்ணியால் தேனீக்கள் நலியும் இக்காலத்தில் நம் கையாலும் நாசம் சேர்ப்பது தகுமா?

அசுவுணி கண்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். பொறிவண்டு வந்து மிச்சத்தைத் தின்னும். பிணி தீர்ப்பதற்கன்றோ மருந்தென்று பெயர்? கொல்வதை நஞ்சென்றே சொல்லப் பழகினால், அதை ஊற்றும் கை சற்றேனும் தயங்கும். தெளிப்பானைத் தொடுமுன் ஒருநாள் விடியலில் பூசணிப் பூவருகே நின்று பாருங்கள்: மேனியெங்கும் மஞ்சட்பொடி அப்பியபடி வெளிவரும் அந்தச் சிற்றுயிர், நாளை நம் அடுக்களைக்கு வரவேண்டிய காயையல்லவா சுமந்து செல்கிறது!