கொலையாளி யார்? 8 திங்கட்கிழமைகள் காத்திருந்த மக்கள்!

கடற்கரை மணலில் ஒரு சிறுவன் பிணமாகக் கிடக்கிறான். அவனுக்கு வயது 11.

தாய் ஓடி வருகிறாள். போலீசார் தடுக்கிறார்கள். உடல் மூடப்பட்டு இருக்கிறது. பூட்ஸ் மட்டும் வெளியே தெரிகிறது. அதைப் பார்த்ததுமே அவள் அலறுகிறாள். அது அவள் மகனுடைய பூட்ஸ்!

இது டெலிவிஷன் கதை. பெயர் "பிராட்சர்ச்". இங்கிலாந்தில் 2013-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி தொடங்கியது. திங்கட்கிழமைதோறும் ஒரு பகுதி. மொத்தம் 8 பகுதிகள். ஏப்ரல் 22-ந் தேதிதான் மர்மம் துலங்கியது.

கொலையாளி யார்? அதைத் தெரிந்துகொள்ள லட்சக்கணக்கான மக்கள் அதுவரை காத்திருந்தார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோருக்கே அந்த ரகசியம் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை!

இவ்வளவு மெதுவாக நகரும் கதையில் அப்படி என்ன இருக்கிறது?

பறிகொடுத்த வீடு

ஒரு கொலை. ஒரு துப்பறியும் நிபுணர். ஒரு மணி நேரத்தில் கைவிலங்கு. துப்பறியும் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அத்தகைய கதையில் பிணம் ஒரு விடுகதை. விடை கிடைத்ததும் செத்தவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மெதுவான கதையில் அப்படி மறக்க முடியாது. டென்மார்க் நாட்டில் 2007-ல் ஒளிபரப்பான ஒரு தொடர் இதற்கு நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் அதற்கு "தி கில்லிங்" என்று பெயர். கோபன்ஹேகன் நகரில் 19 வயது மாணவி கொலை செய்யப்படுகிறாள். அந்த ஒரு கொலைக்கு 20 பகுதிகள்! விசாரணையில் ஒரு நாள் நடப்பதுதான் ஒரு பகுதி.

சாரா லண்ட் என்ற பெண் அதிகாரி துப்புத் துலக்குகிறார். அது ஒரு பக்கம். மறுபக்கம், பெண்ணைப் பறிகொடுத்த வீடு. "அக்காள் இனி வரமாட்டாள்" என்று இரண்டு சின்னத் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும். சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அன்றாட வேலையையும் பார்க்க வேண்டும்.

2011-ல் பி.பி.சி. இதை டேனிஷ் மொழியிலேயே பிரிட்டனில் காட்டியது. படத்தின் கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. வேற்று மொழி என்று மக்கள் ஒதுக்கவில்லை. தாய் அழுவதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு?

ஊர் சொன்ன தீர்ப்பு

மெதுவான கதை இன்னொரு வேலையும் செய்கிறது. பார்ப்பவர்களையே அது சோதிக்கிறது. வாரம் ஒருவர்மீது சந்தேகம் விழுகிறது. "இவன்தான் செய்திருப்பான்!" என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

"பிராட்சர்ச்" கதையில் பத்திரிகை விற்கும் கடைக்காரர் ஒருவர் வருகிறார். வயதானவர். தனியாக வாழ்பவர். அவருடைய பழைய கதையைப் பத்திரிகைகள் கிளறுகின்றன. ஊரார் திரண்டு வந்து மிரட்டுகிறார்கள்.

அவர் குற்றமற்றவர். அது ஊருக்குத் தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஊர் தலைகுனிகிறது. போன வாரம் அவரைச் சந்தேகித்த ரசிகர்களின் நெஞ்சும் உறுத்துகிறது. ஒரு மணி நேரக் கதையில் இதற்கு நேரம் ஏது?

எல்லாத் தொடர்களும் இப்படி இருப்பது இல்லை. சிலவற்றில் கதை கொஞ்சம், இழுப்பு அதிகம். பொய்யான துப்புகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் பொருந்தாத ஒருவரைப் பிடித்துக் காட்டுவார்கள். அவற்றைப் பார்ப்பது நேரத்துக்கு நஷ்டம்.

பொறுமை தேவை

இன்று பலர் முழுத் தொடரையும் ஒரே இரவில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். விடை சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. ஆனால், "தவறாகச் சந்தேகித்துவிட்டோமே" என்று நினைத்துப் பார்க்க இடையில் ஒரு வாரம் கிடைப்பது இல்லை.

நல்ல தொடரை வாரம் ஒரு பகுதியாகப் பார்க்கலாம். குடும்பத்தோடு கூடிப் பேசலாம்.

நிஜ வாழ்க்கையிலும் கொலைச் செய்திகள் வருகின்றன. ஒருவரைப் போலீசார் விசாரிக்கிறார்கள் என்ற உடனே, "அவன்தான்" என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. அப்போது அந்தக் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வர வேண்டும். வந்தால், டெலிவிஷன் முன் உட்கார்ந்த நேரம் வீண் அல்ல.